களஞ்சியத்தின் சாவி யாரிடம்?

கொடும்பாளூருக்கு ஒரு கதை உண்டு. அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான இடங்கழியார் இவ்வூரை ஆண்ட குறுநில மன்னர். பெரியபுராணத்தில் அவருடைய வரலாறு மிகச் சிறியது. அடியார்களுக்கு அன்னமிடுவதையே வாழ்வாகக் கொண்ட ஒருவரிடம் ஒருநாள் நெல் தீர்ந்துபோகிறது. வேறு வழி தெரியாமல் இரவில் அரண்மனைக் களஞ்சியத்தில் புகுந்து நெல்லை எடுக்கிறார், காவலர்களிடம் பிடிபடுகிறார். ஏன் இப்படிச் செய்தாய் என்று மன்னர் கேட்கிறார். காரணம் தெரிந்ததும் அவரை விடுவிக்கிறார். அதோடு நிற்காமல், தன் நெற்களஞ்சியத்தையும் செல்வத்தையும் அடியார்கள் கொள்ளைகொண்டு போகலாம் என்று ஊரெங்கும் பறையறைவிக்கிறார்.

பக்தி இலக்கியமாகப் படித்தால் இது கொடையின் உச்சம். குடிமக்களாக இருந்து படித்தால் வேறு சில கேள்விகள் வருகின்றன. அந்த நெல்லை விளைவித்தவர்கள் யார்? அது எந்தக் கணக்கில் களஞ்சியத்துக்குள் போனது? 'அடியார்' என்ற சொல்லுக்குள் யாரெல்லாம் வந்தார்கள், யாரெல்லாம் வரவில்லை? இந்த மன்னர் திறந்த கதவை அடுத்த மன்னர் மூடினால் யாரிடம் போய் முறையிடுவது?

இதே ஊரில் பத்தாம் நூற்றாண்டில் பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயில் இருக்கிறது. தன் பெயரில் ஒன்று, கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியர் பெயரில் ஒவ்வொன்று என மூன்று கோயில்கள். இன்று இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் மிச்சம். அங்குள்ள கல்வெட்டு, மல்லிகார்ச்சுனர் என்ற குருவுக்கு ஒரு பெரிய மடத்தையும் ஐம்பது காளாமுகத் துறவிகளின் உணவுக்காகப் பதினொரு ஊர்களையும் மன்னன் அளித்ததைச் சொல்கிறது. ஐம்பது பேர் அமர்ந்து ஓதவும் வாதிடவும் பதினொரு ஊர்கள் உழுதன. செய்தி கல்லில், எல்லோரும் பார்க்கும்படி வெட்டப்பட்டது. ஆனால் மொழி வடமொழி, எழுத்து கிரந்தம். அந்தப் பதினொரு ஊர்களில் நாற்று நட்ட ஒரு பெண் கோயிலுக்கு அருகில் வந்திருந்தாலும், தன் விளைச்சல் எங்கே போகிறது என்று எழுதியிருந்ததை அவளால் படித்திருக்க முடியாது. தகவல் பொதுவில் இருப்பதும் அது பொதுமக்களுடையதாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு இந்தக் கல்லைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கட்டுரை படிப்பு வட்டங்களைப் பற்றியது. பத்துப் பன்னிரண்டு பேர் முறையாகக் கூடி, தங்கள் வாழ்வைத் தீர்மானிக்கும் ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, படித்து, பேசி, முரண்பட்டு, ஒரு முடிவை நோக்கி நகர்வது. ஜனநாயகத்துக்கு இது நல்லது என்று சொல்வதில் யாருக்கும் சிரமமில்லை. ஆனால் பெண்கள் இதைச் சொல்லும்போது முதலில் ஒரு சொல்லைச் சோதிக்க வேண்டியிருக்கிறது: 'விவரம் அறிந்த குடிமக்கள்'.

விவரம் அறிந்தவர்களே ஆள்வதில் பங்கு கொள்ளலாம் என்ற எண்ணம் நம் வரலாற்றில் பூட்டாகவே பயன்பட்டது. 1921இல் சென்னை மாகாண சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தபோது சொத்துத் தகுதி இருந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாசலைக் கொஞ்சம் அகலமாக்கியது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களும் தகுதியுள்ள ஆண்களின் மனைவியரும் உள்ளே வந்தார்கள். கூலிக்காரனின் எழுதத் தெரியாத மனைவி வெளியிலேயே நின்றாள். 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். எழுத்தறிவைத் தகுதியாக வைத்திருந்தால் மீதித் தொண்ணூற்றொரு பேர் குடிமக்களாக ஆவதற்கு இன்னும் காத்திருந்திருப்பார்கள். அரசியல் சாசனம் அந்தப் பூட்டை உடைத்தது. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. படித்திருக்கிறாயா என்ற கேள்வியே இல்லை.

ஆனாலும் முதல் பொதுத்தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலில் ஒரு விசித்திரம் நடந்தது. வட மாநிலங்களில் லட்சக்கணக்கான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்தார்கள். பெயரில்லாமல் பட்டியலில் இடம் கிடையாது என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. சட்டம் அவர்களுக்கு வாக்கைக் கொடுத்துவிட்டது. அந்நிய ஆணின் முன்னால் தன் பெயரைச் சொல்லும் ஓர் இடத்தை வாழ்க்கை கொடுத்திருக்கவில்லை. ஒரு படிப்பு வட்டம் கூடும் முதல் நாளில் நடக்கும் முதல் வேலை என்ன? ஒவ்வொருத்தியும் தன் பெயரைச் சொல்வது. அது சடங்கு போலத் தோன்றும். இந்த 28 லட்சத்தை நினைத்துக்கொண்டால் அப்படித் தோன்றாது.

இதே பூட்டை வேறு நாடுகள் நீண்டகாலம் வைத்திருந்தன. பிரேசிலில் எழுத்தறிவில்லாதவர்களுக்கு 1985 வரை வாக்குரிமை கிடையாது. அங்கே பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில் கூலித்தொழிலாளர்களை 'பண்பாட்டு வட்டங்களாக' அமர்த்தி எழுத்தும் அரசியலும் சேர்ந்து கற்க வழிசெய்தார். அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அவரைச் சிறையில் அடைத்தது. அமெரிக்காவின் தென்கரோலினாவில் கறுப்பின மக்கள் வாக்காளர்களாகப் பதிய மாநிலச் சட்டத்தின் பகுதியைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. 1957இல் ஜான்ஸ் தீவில் செப்டிமா கிளார்க்கின் முயற்சியில் தொடங்கிய குடியுரிமைப் பள்ளியின் முதல் வகுப்பை நடத்தியவர் பெர்னிஸ் ராபின்சன் என்ற பெண். தொழில் அழகுக்கலை. ஆசிரியப் பயிற்சி கிடையாது. பாடத்திட்டத்தோடு போகாமல், என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று கேட்டுத் தொடங்கினார். கையெழுத்துப் போட, மணியார்டர் படிவம் நிரப்ப, பைபிள் படிக்க என்றார்கள். அங்கிருந்து சட்டத்துக்குப் போனார்கள்.

இரண்டிலும் பொதுவானது, கேள்வி கற்பவர்களிடமிருந்து வந்தது. படிப்பு வட்டத்தைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் இதுதான். வட்டமாக உட்கார்வது பெரிய விஷயமில்லை. வட்டத்தின் நடுவில் வைக்கப்படும் கேள்வி யாருடையது என்பதைப் பொறுத்தே அது ஜனநாயகத்தின் பயிற்சியா, பணிவின் பயிற்சியா என்பது தீர்மானமாகிறது.

நம் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் பெருமைப்படத்தக்க ஒரு நினைவு இருக்கிறது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அறிவியல் இயக்கத்தாரும் ஆசிரியர்களும் இளைஞர்களும் தொண்டர்களாக வந்தார்கள். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போயின. மரத்தடியிலும் திண்ணையிலும் விளக்கு வெளிச்சத்தில் வட்டங்கள் கூடின; வந்தவர்களில் பெரும்பகுதி பெண்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்பதை இயக்கத்தின் பகுதியாக்கினார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று சிலர் அதையே விரும்பினார்கள் என்பதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். கல்குவாரிகளில் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிக் குத்தகையை எடுத்தார்கள்.

சைக்கிளும் குவாரியும் அறிவொளிப் பாடப்புத்தகத்தின் அனா ஆவன்னாவுக்கு வெளியே இருந்தவை. எழுத்தைக் கற்க வந்த பெண், "பஸ் வர்ற வரைக்கும் நான் ஏன் காத்துக் கெடக்கணும்?" என்றும், "கல்லு ஒடைக்கிறது நாங்க, காசு காண்ட்ராக்டருக்கா?" என்றும் கேட்கத் தொடங்கியபோதுதான் அந்த வட்டங்கள் படிப்பு வட்டங்கள் ஆயின. ஏறக்குறைய அதே காலத்தில் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்திலும் இது நடந்தது. தூபகுண்டா கிராமத்தில் எழுத்தறிவு வகுப்பில் சாராயத்தை எதிர்த்த பெண்களின் கதையைப் படித்த பெண்கள் தங்கள் ஊர்ச் சாராயக்கடையை மூடவைத்தார்கள். அது மாநிலம் முழுதும் பரவி, 1993இல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது.

ஆனால் இடங்கழியாரிடம் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். கதவைத் திறந்தது யார்? புதுக்கோட்டையில் கதவுகள் பெரும்பாலும் மேலிருந்துதான் திறந்திருக்கின்றன. முத்துலட்சுமி ரெட்டி ஆண்கள் கல்லூரியில் படிக்க முடிந்தது சமஸ்தான மன்னரின் தனி அனுமதியால். குவாரிக் குத்தகை கிடைத்தது மனமுள்ள ஓர் ஆட்சியரின் கையெழுத்தால். நல்ல ஆட்சியர் மாற்றலாகிப் போவார். குத்தகைக்குக் காலாவதி உண்டு. அறிவொளிக்குப் பின் வளர்கல்வி மையங்கள் வந்தன. திட்டக்காலம் முடிந்ததும் அவையும் ஓய்ந்தன. அந்தப் பெண்களின் கையில் எழுத்து மிஞ்சியது, சைக்கிள் மிஞ்சியது. வாராவாரம் கூடிக் கேள்வி கேட்கும் இடம் மிஞ்சவில்லை. கொடுத்தவர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. அவர்கள் கொடுக்காமல் விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே பொருளில்லை. கொடை எவ்வளவு பெரிதானாலும் சாவி கொடுத்தவரிடமே இருக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

சுவீடனில் 1902இல் லுண்ட் நகரில் ஆஸ்கர் ஓல்சன் தொடங்கிய படிப்பு வட்டங்கள் நூறாண்டு தாண்டியும் நடப்பதற்குக் காரணம், அவை மதுவிலக்கு இயக்கம், தொழிற்சங்கம் என்று மக்களின் சொந்த அமைப்புகளுக்குள் வேர்விட்டதுதான். புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்துப் பேசினார்கள்; பேராசிரியர் தேவைப்படவில்லை. நமக்கும் இப்படி ஒரு மரபு உண்டு. சுயமரியாதை இயக்கத்தின் வாசகசாலைகளிலும் திராவிட இயக்கத்தின் படிப்பகங்களிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்டு விவாதித்தார்கள். சலூனும் டீக்கடையும்கூட வகுப்பறைகளாயின. தமிழ்நாட்டின் அரசியல் அறிவில் பெரும்பங்கு அந்தப் பெஞ்சுகளில் உருவானது. ஆனால் அந்தப் பெஞ்சில் நம் பாட்டிமார் உட்கார்ந்ததில்லை. டீக்கடை ஆண்களின் இடம். அங்கே பேசப்பட்ட அரசியல், வீட்டுக்கு வரும்போது ஆணின் முடிவாக வந்தது. எந்தச் சின்னத்தில் குத்த வேண்டும் என்ற தகவலாக வந்தது.

இன்று பெண்களுக்கு வட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. 1989இல் தருமபுரியில் தொடங்கி, பிறகு மகளிர் திட்டத்தின் வழியாக மாநிலம் முழுதும் பரவிய சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. கிராமத்தில் வாராவாரம் ஒழுங்காகக் கூடும் அமைப்பு அதுதான். பதிவேடு எழுதுகிறார்கள், தீர்மானம் போடுகிறார்கள், கையெழுத்திடுகிறார்கள். படிப்பு வட்டத்துக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் அங்கே தயாராக இருக்கின்றன. நடுவில் வைக்கப்படும் கேள்விதான் பெரும்பாலும் ஒன்றே ஒன்று: இந்த வாரத் தவணை யார் கட்டவில்லை? தனியார் நுண்கடன் நிறுவனங்கள் வந்தபின் இது இன்னும் கடுமையாகியிருக்கிறது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் உட்கார வேண்டும். தோழமைக்காக உருவான வட்டம் தோழியைக் கண்காணிக்கும் வட்டமாகிறது. "இந்த வட்டி எப்படிக் கணக்குப் போட்டீங்க?" என்ற கேள்வி எப்போது அந்தப் பாயில் எழுகிறதோ, அப்போதே அதே பெண்கள், அதே பாய், அதே பதிவேடு வேறொன்றாக மாறிவிடும்.

மாற முடியும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் தொடங்கிய 'ஸ்டெப்ஸ்' அமைப்பிலிருந்து, 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத் உருவானது. அதுவரை மணமுறிவு, ஜீவனாம்சம், குழந்தைகளின் பொறுப்பு எல்லாவற்றையும் ஆண்கள் மட்டுமே கொண்ட ஜமாஅத் பேசி முடித்தது. எந்தப் பெண்ணைப் பற்றிப் பேசுகிறார்களோ அவள் அங்கே இருக்க மாட்டாள். பெண்கள் கூடி மார்க்க நூலையும் நாட்டின் சட்டத்தையும் தாங்களே படித்தார்கள். பாதிக்கப்பட்டவளை எதிரில் உட்காரவைத்து அவள் வாயாலேயே கேட்டார்கள். தீபா தன்ராஜ் 2011இல் எடுத்த ஆவணப்படத்தில் அந்தக் கூட்டங்களைப் பார்க்கலாம். படித்தபின் அதிகாரம் கேட்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அதிகாரத்தைக் கையில் எடுத்ததும் படித்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

இன்னொரு சான்று கசப்பானது. 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தின் வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. அதையொட்டி அதிகாரிகள் ஊருக்குப் போனபோது, டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததும் கோயிலுக்குள் தலித் மக்கள் அனுமதிக்கப்படாததும் வெளியே வந்தன. முழு எழுத்தறிவுக்காக நாடெங்கும் பேசப்பட்ட மாவட்டம் இது. எழுத்து தெரிந்தால் சமத்துவம் தெரிந்துவிடும் என்பதற்கு உத்தரவாதம் ஏதுமில்லை. 'பெண்கள் வட்டம்' என்று நாம் சொல்லும்போது எந்தத் தெருவில் பாய் விரிக்கிறோம், யார் வீட்டுத் தண்ணீரைக் குடிக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஊர்த்தெருவில் விரித்துவிட்டு, காலனிப் பெண்கள் ஏன் வரவில்லை என்று வியப்பதில் நேர்மையில்லை. குடிமக்களுக்கான வட்டத்தின் முதல் பாடம் அது கூடும் இடம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். விடியுமுன் எழுந்து, சமைத்து, வேலைக்குப் போய், திரும்பி, மறுபடி சமைக்கும் பெண்ணின் மேல் இன்னொரு கடமையைச் சுமத்துகிறாயா என்று கேட்கலாம். ஆண்கள் தகவல் அறியாமலேயே குடிமக்களாக இருக்கும்போது, பெண் மட்டும் படித்துத் தகுதியை நிரூபிக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அவள் வாக்குக்கும் பேச்சுக்கும் எந்த முன்தகுதியும் கேட்கக்கூடாது. அந்தச் சண்டையை 1950இல் வென்றுவிட்டோம். படிப்பு வட்டம் தகுதித் தேர்வாகிவிட்டால் நானே அதை எதிர்ப்பேன். நான் கேட்பது அவளிடமிருந்து கூடுதல் நேரத்தை அல்ல. ஏற்கெனவே அவளுடையதாக இருக்கும் நேரத்தில் கேள்வியை மாற்றுவதை. நூறு நாள் வேலையில் கண்மாய்க்கரை மரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறக்கும் நேரம் இருக்கிறது. குழுக் கூட்டம் இருக்கிறது. அங்கே பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதை ஊர் 'பொம்பளைப் பேச்சு' என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. தண்ணீர் ஏன் மூன்று நாளைக்கொருமுறை வருகிறது, ரேஷனில் எடை ஏன் குறைகிறது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வருகிறது. இதைவிட நல்ல பாடத்திட்டத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தயாரிக்க முடியாது.

என்னைப் போன்ற படித்த பெண்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. நாம் போய் உட்கார்ந்தால் வட்டம் மெல்ல வகுப்பறையாகிவிடும். நாம் களஞ்சியத்தைத் திறந்துவிடும் சின்ன மன்னர்களாகிவிடுவோம். நாம் போகாத வாரத்தில் வட்டம் கூடுகிறதா, நாம் சொன்னதை ஒருத்தி "அது சரியில்லக்கா" என்று மறுக்கிறாளா என்பதை வைத்தே நம் வேலையை அளக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருத்தியும் அதன் உறுப்பினர். உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் சபையில் நடப்பது பல ஊர்களில் ஒன்றுதான்: குறைவெண் நிரம்ப வேண்டும் என்பதற்காக வேலைக்கு வரும் பெண்களை உட்காரவைத்து, கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். 2016 முதல் 2019 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவி இல்லாத காலத்திலும் கிராம சபைக்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காலாவதி கிடையாது.

சபையில் ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30 என்ற அறிக்கையாக வைக்க வேண்டும். அது ஒரு தாள். கூட்டத்தில் யாரோ வேகமாகப் படித்தால் ஒன்றும் புரியாது. மூவர் கோயில் கல்வெட்டைப் போலத்தான் அதுவும். அதையே ஒரு வாரம் முன்பு கேட்டு வாங்கி, பத்துப் பெண்கள் பாய் விரித்து, எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருத்தி வரிவரியாக வாசித்தால், "தெருவிளக்குக்கு இவ்வளவா? நம்ம தெருவுல எரியவே இல்லையே" என்று எழுத்தே தெரியாத ஒருத்தி கேட்பாள். தாளில் இருக்கும் எண்ணும் தெருவில் இருக்கும் இருட்டும் அந்த இடத்தில் சந்திக்கின்றன. ஒன்று வாசிப்பவளுக்குத் தெரியும், மற்றது கேட்பவளுக்குத் தெரியும்; இரண்டும் சேர்ந்தால்தான் அது விவரம் ஆகும்.

சபையில் அந்தக் கேள்வியை எழுப்பும்போது அவள் தன் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் கேள்வியோடு அந்தப் பெயரும் பதிவாக வேண்டும். பதிவு செய்யாவிட்டால், அடுத்த சபையில் அதையே இரண்டாவது கேள்வியாக வைக்கலாம்.